வண்டியுள்ளவன் சனிக்கிழமை

அமெரிக்க தேசத்தின் யூட்டா மாநிலத்திலும் அதற்கு வடக்கேயுள்ள ஐடஹோவின் தென்கிழக்குப் பள்ளத்தாக்குகளிலும் ஒரு குடும்பஸ்தன் புதிதாக ஒரு பிக்கப் வண்டியை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினானென்றால், அந்தச் செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனுடைய சபையார் பலருக்கும் எட்டிவிடும். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களில் ஒருவராவது, வண்டியின் நிறத்தையும் எஞ்சினின் வலுவையும் புகழ்ந்து முடித்த பிறகு, பின்தொட்டி எத்தனை அடி நீளம் என்று விசாரிக்காமல் போகமாட்டார். அந்த விசாரணையின் உட்கருத்து கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவனுக்கும் தெரியும். யாரோ ஒரு விதவை மகள் வீட்டோடு போய் இருக்க உத்தேசித்திருக்கிறாள். யாரோ ஓர் இளந்தம்பதி படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் புறப்படுகிறார்கள். காற்றில் முறிந்த மரமொன்று யார் வீட்டுக் கொல்லையிலோ கிடக்கிறது. வண்டிக்கான கடனை வங்கிக்கு மாதாமாதம் கட்டப்போகிறவன் அவன்தான் என்றாலும், இனிமேல் வரும் சனிக்கிழமைகள் முழுவதும் அவனுடையவை என்று சொல்வதற்கில்லை.

அப்பிரதேசத்து ஜனங்களில் மிகுதியானோர், மார்மன்கள் என்று உலகோர் வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். 1830-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபையில், ஊர்தோறும் சம்பளம் வாங்கும் குருமார் என்று ஒரு வகுப்பே கிடையாது. சில நூறு பேர் அடங்கிய ஒரு வட்டாரத்தை வார்டு என்கிறார்கள். அதற்கு ஆயராக இருப்பவர் வாரநாட்களில் பல் வைத்தியராகவோ, பள்ளி உபாத்தியாயராகவோ, மாட்டுப் பண்ணைக்காரராகவோ இருப்பார். சில ஆண்டுகளுக்குப் பின் அவரை விடுவித்து, பக்கத்து வீட்டுக்காரரை அந்த ஸ்தானத்தில் உட்கார வைப்பார்கள். சிறுவர் வகுப்பு நடத்துவது, பாட்டுக்குழுவைப் பழக்குவது, கணக்கு எழுதுவது என்று ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஓர் ஊழியம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். வயது வந்த ஆண்களின் சங்கமாகிய மூப்பர் குழுமம் ஞாயிறன்று கூடும்போது ஒரு காகிதம் கைமாறிக் கைமாறி வரும். வரும் சனிக்கிழமை இன்னார் வீட்டுச் சாமான் ஏற்ற எத்தனை ஆள் வரக்கூடும், யாரிடம் வண்டி உண்டு என்பதே அதில் எழுதப்படும் விஷயம். பிக்கப் வைத்திருப்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஓர் ஊழியமாக எழுதப்படவில்லை. ஆனாலும் எழுதப்பட்ட ஊழியங்கள் சிலவற்றைவிட அது நிச்சயமாகக் கூப்பிடப்படுவது.

இதை மோட்டார் யுகத்தில் தோன்றிய ஒரு வேடிக்கை என்று எண்ணி, மூப்பர் குழுமம் என்பது காசு வாங்காத சாமான் ஏற்றும் கம்பெனி என்று அவர்களே தங்களைப் பரிகாசம் செய்துகொள்வதுண்டு. பரிகாசம் இருக்கட்டும். பாரவண்டி வைத்திருப்பவனுடைய வண்டியில் சபைக்கும் அயலானுக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்னும் எண்ணம், பெட்ரோல் எஞ்சின் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்னதாகவே அந்தச் சமூகத்தில் வேரூன்றியது. எருதும் கோவேறு கழுதையும் இழுத்த வண்டிகளின் காலத்திலிருந்து அதைப் பின்தொடர்ந்து வந்தாலன்றி இன்றைய வழக்கத்தின் தன்மை நமக்கு விளங்காது.

1847 ஜூலையில் பிரிகம் யங்கின் தலைமையில் முதல் கூட்டத்தார் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார்கள். இல்லினாய் மாநிலத்தில் தாங்கள் கட்டிய நாவூ நகரத்திலிருந்து விரட்டப்பட்டு, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட புல்வெளியையும் மலையையும் கடந்து வந்த அவர்களுக்கு, வீடாகவும் களஞ்சியமாகவும் சில சமயங்களில் பிரசவ அறையாகவும் இருந்தது வண்டிதான். பின்தங்கியிருந்த ஏழைகளையும் ஐரோப்பாவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அழைத்து வருவதற்காக 1849-இல் ஒரு நிரந்தரக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கடனாகக் கொடுத்து, வந்து சேர்ந்தவர்கள் திருப்பிச் செலுத்தியதைக்கொண்டு அடுத்தவர்களை வரவழைப்பது அதன் முறை. ஆனால் 1855-இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் விளைச்சலை அழித்தபோது நிதி வற்றிவிட்டது. வண்டிக்கும் எருதுக்கும் பணமில்லை. ஆகவே ஜனங்கள் தாங்களே இழுத்துக்கொண்டு நடக்கத்தக்க கைவண்டிகளைச் செய்து கொடுப்பதென்று தீர்மானித்தார்கள்.

அந்தத் தீர்மானத்தின் கோரமான பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1856-இல் காலந்தாழ்ந்து புறப்பட்ட வில்லி, மார்ட்டின் என்னும் இரண்டு கைவண்டிக் கூட்டங்கள், தலைக்கு 17 ராத்தல் மூட்டையோடு, பச்சை மரத்தால் அவசரமாகச் செய்யப்பட்டு வழியெல்லாம் கழன்றுகொண்டிருந்த வண்டிகளை இழுத்து, வயோமிங் மேட்டு நிலத்தை அடைந்தபோது அக்டோபர் மாதம் பாதி கழிந்துவிட்டது. 19-ஆம் தேதி பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அவர்களைக் கடந்து விரைவாக வந்த ஒரு சிறு கோஷ்டியார் அக்டோபர் 4 மாலையில் சால்ட் லேக்கை அடைந்து, இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று தெரிவித்தார்கள். மறுநாள் ஞாயிறு, சபையின் மகாநாடு கூடியிருந்தது. பிரிகம் யங் எழுந்து நின்று செய்த பிரசங்கத்தை அன்றைய உபதேசம் என்பதைவிட ஒரு சாமான் பட்டியல் என்பதே பொருத்தம். 60 ஜோடி நல்ல கோவேறு கழுதைகள் அல்லது குதிரைகள் வேண்டும், எருதுகள் வேண்டாம், அவை மெதுவாகப் போகும். 12 டன் மாவு வேண்டும். ஓட்டத் தெரிந்த 40 வாலிபர்கள் வேண்டும். நாளைக்கு அல்ல, இப்பொழுதே வேண்டும் என்பது அதன் சாரம். கேட்டுக்கொண்டிருந்த ஸ்திரீகள் அந்த மண்டபத்திலேயே தங்கள் உள்பாவாடைகளையும் காலுறைகளையும் களைந்து வண்டிகளில் ஏற்றக் கொடுத்தார்கள் என்று அங்கிருந்த ஒரு பெண்மணி எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 7-ஆம் தேதியே முதல் வண்டிகள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. மாதக் கடைசிக்குள் சுமார் 250 வண்டிகள் பாதையில் இருந்தன.

அவ்வளவும் செய்தும் 200-க்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். தவறான காலத்தில் அவர்களைப் புறப்பட அனுமதித்த தலைவர்களின் பொறுப்பை மீட்புப் பணியின் மகிமை மறைத்துவிடலாகாது என்று பல சரித்திராசிரியர்கள் கருதுகிறார்கள். அது நியாயமான கருத்து என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நம்முடைய விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று. நவம்பர் 30-ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிறு, மார்ட்டின் கூட்டத்தாரில் உயிரோடு மிஞ்சியவர்கள் நகரத்தை நெருங்கியபோது, யங் ஆராதனையை நிறுத்தி, எல்லாரும் வீட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு இடமும் ஆகாரமும் ஆயத்தம் செய்யும்படி சொன்னார். ஜெபம் நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் வேண்டிய வேளையில் ஜெபம் அதற்கு ஈடாகாது என்பது அவர் சொன்னதன் கருத்து. பக்தியைப் பாரத்தாலும் தூரத்தாலும் அளக்கும் ஒரு மனோபாவம் அந்தச் சபையில் அன்றுமுதல் நிலைத்துவிட்டது.

கைவண்டி முறை 1860-உடன் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு ஜோசப் டபிள்யூ. யங் என்பவர், ஒரே கோடையில் எருதுகள் யூட்டாவிலிருந்து மிசௌரி நதி வரையில் போய்ச் சுமையோடு திரும்பி வரமாட்டா என்று எல்லாரும் நம்பியிருந்ததற்கு மாறாக, போய்த் திரும்பியும் காட்டிவிட்டார். அதிலிருந்து பிறந்தது சபை வண்டித் தொடர் என்னும் அபூர்வமான ஏற்பாடு. 1861 முதல் 1868 வரையில் ஆறு கோடைகளில், ஒவ்வொரு வார்டுக்கும் இத்தனை வண்டி, இத்தனை எருது, இத்தனை ஓட்டுநர், இத்தனை மூட்டை மாவு என்று தலைமையிலிருந்து கணக்குப் போட்டு அனுப்புவார்கள். ஆயர் தம் வட்டாரத்தில் யாரிடம் உறுதியான வண்டி இருக்கிறது, யாருடைய எருது கால் ஊனமில்லாதது என்று வீடு வீடாக அறிந்து, ஒருவனிடம் வண்டியும், இன்னொருவனிடம் இரண்டு ஜோடி எருதும், மூன்றாமவனிடம் அவனுடைய மகனையும் கேட்டு வாங்கி, ஏப்ரல் கடைசியில் வழியனுப்பி வைப்பார். வண்டிக்கு நான்கு ஜோடி எருதுகள் பூட்டிய அந்தத் தொடர்கள் ஆயிரம் மைல் கிழக்கே போய், நதிக்கரையில் காத்திருந்த ஆங்கிலேயரையும் டேனிஷ்காரரையும் வெல்ஷ்காரரையும் ஏற்றிக்கொண்டு, செப்டம்பரிலோ அக்டோபரிலோ திரும்பும். ஆறு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 2,000 வண்டிகள் இவ்விதம் போய்வந்தன என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது, ஒருவரும் வண்டியைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை என்பது. வண்டி அவனுடையதே, ஆறு மாதம் சபைக்காக ஓடும், திரும்பி வந்ததும் அவன் தொழுவத்துக்கு வரும். ஓடிய காலத்துக்கு ஒரு மதிப்பிட்டு, அவன் செலுத்த வேண்டிய தசமபாகத்தில் வரவு வைப்பார்கள். அக்காலத்தில் அங்கே நாணயம் அரிது. தசமபாகம் என்பது பத்தாவது கோழி முட்டை, பத்தாவது வைக்கோற் கட்டு, பத்து நாளில் ஒரு நாள் உழைப்பு என்று பண்டமாகவும் வேலையாகவும் வந்துகொண்டிருந்தது. தசமபாகக் களஞ்சியத்துக் கணக்குப் புத்தகத்தில் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வண்டிக்கும் ஓர் இடம் கிடைத்தது. மலையிலிருந்து கருங்கல் கொண்டுவந்து சால்ட் லேக் ஆலயத்தைக் கட்டிய நாற்பது ஆண்டுகளின் சரித்திரமும் இவ்விதமானதே. 1853-இல் அஸ்திவாரம் இடப்பட்டு 1893-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவ்வாலயத்தின் கற்கள், 20 மைல் தொலைவிலுள்ள லிட்டில் காட்டன்வுட் என்னும் மலையிடுக்கிலிருந்து வந்தவை. கல் ஏற்றிய எருது வண்டிக்குப் போய்வர மூன்று நான்கு நாளாகும். மிகப் பெரிய கற்களை வண்டியின் மேல் ஏற்ற இயலாமல், அச்சுக்குக் கீழே சங்கிலியில் தொங்கவிட்டு இழுத்து வந்தார்கள். கால்வாய் வெட்டிப் படகில் கொண்டுவரலாமென்று செய்த முயற்சி பயனற்றுப்போயிற்று. 1873-இல் மலையடிவாரத்துக்கு ரயில் வந்த பிறகுதான் எருதுகளுக்கு விமோசனம் கிடைத்தது.

ரயில், சபை வண்டித் தொடர்களுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. 1869 மே மாதத்தில் யூட்டாவின் ப்ராமண்டரி மேட்டில் கிழக்கு ரயிலும் மேற்கு ரயிலும் சந்தித்தபின், குடியேறிகள் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். 1908 அளவில் தசமபாகத்தைப் பணமாகவே செலுத்துவது என்ற விதி வந்தது. கோழி முட்டையோடு வண்டியும் கணக்குப் புத்தகத்திலிருந்து வெளியேறியது. இந்த இடத்தில்தான் வழக்கம் உருமாறியது என்பது என் எண்ணம். அதுவரையில் வண்டியைக் கொடுப்பது கடமையும் வரவும் கலந்த ஒரு காரியம். ஆயர் கேட்பதற்கு அதிகாரம் இருந்தது, கொடுத்தவனுக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. அதன்பின் அதிகாரமும் இல்லை, சீட்டும் இல்லை. கேட்பது தாட்சண்யத்தின் மேலும், கொடுப்பது மனத்தின் மேலும் என்றாயிற்று. அப்படியானால் வழக்கம் அழிந்திருக்க வேண்டுமல்லவா? அழியவில்லை. காரணங்களில் ஒன்று மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

குடியானவர்களுக்குக் காரும் வேண்டியிருந்தது, வண்டியும் வேண்டியிருந்தது. இரண்டும் வாங்க வகையில்லை. ஆகையால் மாடல் டி காரை வாங்கியவர்கள் அதன் பின்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு மரப்பெட்டியொன்றைப் பூட்டிக்கொண்டார்கள். கொல்லனும் தச்சனும் செய்து கொடுத்ததைப் பார்த்துச் சில கம்பெனிகள் அத்தகைய பெட்டிகளைத் தனியாகச் செய்து விற்கலாயின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1907-லேயே உயர்ந்த சக்கரங்கள் கொண்ட ஒரு மோட்டார் வண்டியை விவசாயிகளுக்காக வெளியிட்டிருந்தது. ஃபோர்டு கம்பெனியோ ஜனங்கள் தங்கள் கையால் செய்துகொண்டதைத் தானே செய்து தருவது என்று தீர்மானித்து, 1925 ஏப்ரல் 15-ஆம் தேதி பிக்கப் உடலமைந்த மாடல் டி வண்டியை 281 டாலர் விலைக்கு அறிவித்தது. 56 அங்குல நீளமும் 13 அங்குல ஆழமும் உள்ள இரும்புத் தொட்டி, திறந்து மூடத்தக்க பின்கதவு, பக்கச் சுவர்களை உயர்த்த வேண்டுமானால் கழி செருகுவதற்கு நான்கு மூலையிலும் துளை. இன்றைய பிக்கப்பின் அங்கங்கள் எல்லாம் அந்த முதல் வண்டியிலேயே இருந்தன. முதலாண்டிலேயே 30,000-க்கு மேல் விற்றது. ஞாயிறன்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் போன அதே வண்டி திங்களன்று சர்க்கரைக் கிழங்கை ஆலைக்கு ஏற்றிச் சென்றது. எருது வண்டி போனபின் பொதுக் காரியத்துக்கு வண்டியில்லாமல் நின்ற வார்டுகளுக்கு, கேட்டு வாங்கத்தக்க ஒரு வண்டி மறுபடியும் வந்து சேர்ந்தது.

வந்த வேளையும் அத்தகையது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் சால்ட் லேக் நகரத்தின் பயனியர் ஸ்டேக் என்னும் பகுதியில், பல வார்டுகள் சேர்ந்ததே ஸ்டேக், பாதிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஜீவனத்துக்கு வழியில்லை. அதன் தலைவரான ஹெரால்டு பி. லீ முப்பது வயதைக் கடந்து சில ஆண்டே ஆன வாலிபர். ஒரு பக்கத்தில் வேலையற்ற ஆட்கள். மறுபக்கத்தில், அறுவடைக் கூலிக்குக்கூட விலை கட்டாது என்று பழமும் வெங்காயமும் நிலத்திலேயே அழுகும்படி விட்டுவிட்ட தோட்டக்காரர்கள். 1932-இல் லீயும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்: ஆட்கள் போய் அறுவடை செய்வது, அதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வருவது, வந்ததை ஒரு பழைய கிடங்கில் சேர்த்து, டப்பாவில் அடைத்து, தேவையுள்ள வீடுகளுக்குக் கொடுப்பது. ஆள் இருந்தது, பழம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கடப்பதற்கு ஏதேனும் ஒரு லாரி இல்லையேல் இந்தத் திட்டம் வெறும் யோசனையாகவே இருந்திருக்கும். 1936-இல் சபை முழுவதற்கும் இம்முறை விஸ்தரிக்கப்பட்டது. 1938-இல் நலப்பணி வளாகம் ஒன்றும், 1940-இல் அதில் தொண்டர்களின் உழைப்பால் 178 அடி உயரமுள்ள தானியக் கோபுரம் ஒன்றும் எழுந்தன. 3,18,000 புஷல் கோதுமை கொள்ளும் அந்தக் கோபுரம் இன்றும் நகரத்தின் மேற்குப் பகுதியில் தூரத்திலிருந்தே தெரிகிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜனங்களின் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் குணம் போய்விட்டது. கல்லூரிக்கும், உத்தியோகத்துக்கும், ராணுவ முகாமுக்குமாக யூட்டாவின் பிள்ளைகள் கலிபோர்னியாவுக்கும் டெக்சஸுக்கும் கிழக்குக் கரைக்கும் இடம் பெயர்ந்தார்கள். போன இடத்தில் உற்றார் உறவினர் கிடையாது; உள்ளது வார்டு மட்டும். எனவே மாமனும் சித்தப்பனும் செய்ய வேண்டிய காரியம் மூப்பர் குழுமத்தின் தலையில் விழுந்தது. முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம் வாடகை லாரியோடு வந்து இறங்கும் இடத்தில், பத்துப் பதினைந்து ஆண்கள் கையுறை போட்டுக்கொண்டு நிற்பார்கள். இரண்டு மணி நேரத்தில் வீடு நிரம்பிவிடும். அதன்பிறகுதான் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த வேலையில் ஒரு தேர்ச்சி உண்டு. அதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நலம். தொட்டியின் தலைப்பக்கத்தில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால், குளிர்பெட்டியையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். பாரம் பின்னச்சுக்கு முன்னால் விழாவிட்டால் வண்டியின் முன்புறம் தூக்கிக்கொண்டு, திருப்பும் சக்கரம் கைக்குள் நிற்காது. மேஜையை விரிப்பில் சுற்றிக் கவிழ்த்து, கால்களுக்கிடையில் பெட்டிகளைச் சொருக வேண்டும். மெத்தையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு போகலாம் என்று சொல்லும் உற்சாகிகளின் பேச்சைக் கேட்காமல், குறுக்கும் நெடுக்குமாகப் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும்; அறுபது மைல் வேகத்தில் மெத்தை பாயாகப் புடைத்துக்கொண்டு பறப்பதை யார் கையும் பிடித்து நிறுத்தமாட்டாது. பியானோ இருக்கிற வீடு என்றால் ஆட்கள் முன்னதாகவே முதுகைத் தடவிக்கொள்வார்கள். பாட்டும் ஆராதனையும் உள்ள குடும்பங்களாதலால் பியானோ இல்லாத வீடு குறைவு. அதையும் மிஞ்சும் ஓர் உபத்திரவம் இச்சபையாருக்கே உரியது. கஷ்ட காலத்துக்கென்று ஓராண்டு ஆகாரத்தைச் சேமித்து வைக்குமாறு சபை தன் ஜனங்களுக்கு நெடுங்காலம் உபதேசித்து வந்திருக்கிறது. அதைச் சிரமேற்கொண்ட இல்லத்தரசி நிலவறையில் கோதுமை டப்பாக்களையும் அவரை நிறைந்த வாளிகளையும் கூரைவரை அடுக்கி வைத்திருப்பாள். அந்த உபதேசத்தை மெச்சியபடியே நிலவறைப் படிகளில் ஏறி இறங்குவது எல்லாருக்கும் கைவரும் பக்குவமல்ல. வீட்டுக்காரர் வாங்கி வைத்த டோனட்டும் ஆரஞ்சுச் சாறும் கூலி; பெட்ரோலுக்கென்று நீட்டிய நோட்டை வண்டிக்காரன் வாங்கிக்கொள்வதில்லை. புது வண்டியின் தொட்டியில் விழும் முதல் கீறல் இப்படியொரு சனிக்கிழமையில்தான் பெரும்பாலும் விழுகிறது; அந்தக் கணத்தில் அவன் முகம் சற்றே மாறுவதையும், பரவாயில்லை என்று அவன் வாய் சொல்வதையும் கண்டவர்கள் பலர்.

வீடு மாற்றுவது சில்லறை உபகாரம். இந்த வழக்கத்தின் முழு பலமும் வெளிப்பட்டது 1976 ஜூன் 5-ஆம் தேதி. ஐடஹோவில் மத்திய அரசாங்கத்தின் நீர்ப்பாசனத் துறையார் கட்டி, முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்த டீட்டன் அணை, 305 அடி உயரமுள்ள மண் அணை, அன்று காலையில் கசியத் தொடங்கிற்று. ஓட்டையை அடைக்கப் போன புல்டோசர்களை ஓட்டையே விழுங்கிவிட்டது. பகல் 11 மணி 57 நிமிஷத்துக்கு அணை உடைந்தது. சனிக்கிழமை பகலாகையால் ஜனங்கள் விழித்திருந்தார்கள். ரேடியோவும் டெலிபோனும் எச்சரித்தன. ஆகவே அவ்வளவு பெரிய வெள்ளத்தில் இறந்தவர்கள் பதினொருவர்தான். ஆனால் வில்ஃபோர்டு என்னும் கிராமம் துடைக்கப்பட்டது, சுகர் சிட்டி அழிந்தது, ரெக்ஸ்பர்க் நகரத்தின் தாழ்ந்த பகுதியில் வீடுகள் அஸ்திவாரத்திலிருந்து மிதந்தெழுந்து ஒன்றோடொன்று மோதின, ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. மேட்டின் மேல் இருந்த சபையின் ரிக்ஸ் கல்லூரி, வீடிழந்தவர்களுக்கு விடுதிகளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் திறந்துவிட்டது. ஆயர்கள் தத்தம் வார்டுப் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தேடிக் குறித்தார்கள்.

பிறகு வந்தவை வண்டிகள். யூட்டாவிலிருந்தும் ஐடஹோவின் பிற பகுதிகளிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு, மண்வெட்டியும், தள்ளுவண்டியும், தண்ணீர்க் குடங்களும், மத்தியான ஆகாரமும் ஏற்றிக்கொண்டு, இந்த வார்டுக்கு இந்தத் தெரு என்று முன்கூட்டியே வகுத்தபடி வந்து, நிலவறைகளில் இடுப்பளவு நின்ற சேற்றை வாளி வாளியாக அள்ளி வெளியேற்றிவிட்டு, இரவில் திரும்பிப் போனவர்கள் பல்லாயிரவர். இது ஒரு நாள் இரண்டு நாள் உற்சாகமாக இல்லாமல் அந்தக் கோடை முழுவதும் நடந்தது. ஒத்தாசைச் சங்கத்துப் பெண்கள், 1842-இல் நாவூவில் இருபது பேரோடு தொடங்கப்பட்ட பழைய ஸ்தாபனம் அது, சேறு படிந்த துணிகளை மூட்டை மூட்டையாகத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துப் போய், துவைத்து மடித்து அனுப்பினார்கள். 1856-இல் பிரிகம் யங் செய்தது போன்ற ஓர் அறைகூவல் இங்கே தேவைப்படவில்லை. வண்டி யாரிடம் இருக்கிறது என்பது ஒவ்வொரு மூப்பர் குழுமத் தலைவருக்கும் முந்திய ஆண்டுகளின் சனிக்கிழமைகளிலிருந்தே தெரிந்திருந்தது.

இது மார்மன்களுக்கு மட்டும் உரிய பெருமை என்று எண்ணுவது சரியல்ல. கான்ஸஸ் மாநிலத்து ஹெஸ்டன் ஊரில், 1950-இல் ஞாயிறு பள்ளி வாலிபர்கள் சிலர் கூடிப் பேசியதிலிருந்து மெனோனைட் சபையாரின் பேரிடர் உதவிப் பணி பிறந்தது. யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு ஈடாகக் காட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஊழியம் செய்த தலைமுறையினர், சமாதான காலத்திலும் தேசத்துக்கு உழைக்க ஒரு வழி தேடியதன் விளைவு அது. தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1967-இல் பியூலா புயல் அடித்த டெக்சஸில் தகரக் குவளை அடுப்பில் சமைத்துக் கொடுத்ததிலிருந்து தங்கள் பணியைக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் அவர்களுடைய உழைப்பு பெரும்பாலும் இடர் வந்தபோது எழுந்து நிற்பது. மார்மன்களிடத்தில் அது வாராந்தரப் பழக்கம். அதனால்தான் சிறிது அலுப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

அலுப்புக்கு நியாயமும் உண்டு. ஆட்கள் வந்து நிற்கும்போது ஒரு பெட்டிகூடக் கட்டாமல் வைத்திருக்கிறவர்களும், கூலிக்கு ஆள் வைக்க வசதியிருந்தும் சபையைக் கூப்பிடுகிறவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லெனர்டு ஷோயன் என்னும் முன்னாள் கடற்படை வீரர் 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தில் யூ-ஹால் என்ற வாடகை வண்டிக் கம்பெனியைத் தொடங்கியதிலிருந்து, ஆரஞ்சு வர்ணமடித்த இழுவண்டி ஊருக்கு ஊர் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிய விக்கினம் வண்டியின் உடலிலேயே வந்திருக்கிறது. 1975-இல் ஃபோர்டு எஃப்-150 வெளிவந்தபோது அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொட்டி. எட்டடித் தொட்டியில் நாலுக்கு எட்டு பிளைவுட் பலகை தட்டையாகக் கிடக்கும். இன்று விற்கும் வண்டிகளில் கணக்கு தலைகீழாகி, ஐந்து பேர் சாய்ந்து உட்காரும் அறை பெரிதாகவும், ஐந்தரை அடித் தொட்டி அதன் வால்போலவும் இருக்கின்றன. விலையோ பன்மடங்கு. பின்தொட்டி எத்தனை அடி என்று சபையார் கேட்பது ஆகவே வீண் கேள்வியல்ல. பளபளக்கும் புது வண்டியைவிட, துருப்பிடித்த எட்டடி வண்டியை விற்காமல் வைத்திருக்கும் கிழவருக்கே இந்த விஷயத்தில் மதிப்பு அதிகம்.

2018 ஏப்ரலில் சபைத் தலைமை, அதுவரை வார்டுகளில் தனித்துக் கூடிவந்த வயதில் மூத்த பிரதான ஆசாரியர்களின் குழுக்களைக் கலைத்து மூப்பர் குழுமத்தோடு சேர்த்துவிட்டது. நிர்வாகக் காரணங்கள் எவையாயினும், சாமான் ஏற்றும் காரியத்தில் அது ஒரு தக்க சேர்க்கையாக அமைந்தது: வண்டி பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவரிடம் இருந்தது, முதுகெலும்பு முப்பதைத் தாண்டாதவரிடம் இருந்தது. கைமாறி வந்த காகிதத்தின் இடத்தில் பல வார்டுகளில் இப்போது கைப்பேசிச் செய்தி போகிறது. அதில் முன்போலவே இரண்டே கேள்விகள்தாம், எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை வண்டி. டிரெய்லர் உள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.